பிராஸ்பெக்டுக்கு என்ன விலை? பேஸ்பால் ட்ரேடை நீங்களே எடை போட ஒரு முழு வழிகாட்டி

ஜூலை கடைசி வாரம் வந்துவிட்டால் மேஜர் லீக் பேஸ்பால் ரசிகர்களின் கண் மைதானத்தில் இருக்காது, செல்போனில்தான் இருக்கும். அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் ‘ட்ரேட்’ காலம் அது. யாரை யார் வாங்கினார்கள், பதிலுக்கு யாரைக் கொடுத்தார்கள் என்று நிமிடத்துக்கொரு செய்தி. வாங்கப்பட்ட நட்சத்திரத்தை எல்லோருக்கும் தெரியும். எதிர்ப்பக்கம் இருக்கிற மூன்று நான்கு பெயர்கள்தான் சிக்கல். அவர்கள் ‘பிராஸ்பெக்ட்’, அதாவது பின்னால் தேறுவார்கள் என்று நம்பப்படும் இளைஞர்கள். பத்தொன்பது வயது, லோ-ஏ என்ற கீழ்மட்ட லீக், கேள்விப்படாத ஊர். உடனே எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: டாப் 100 பிராஸ்பெக்ட் பட்டியலில் பையன் எத்தனையாவது இடம்? 37 என்றால் நல்ல பேரம். பட்டியலிலேயே இல்லை என்றால் பேரம் பேசிய ஜெனரல் மேனேஜருக்குத் திட்டு.

ரேங்கை வைத்து விலை பேசும் இந்தப் பழக்கத்தால்தான் பாதி வாக்குவாதம் வீணாகிறது. அணிகள் பார்ப்பது வேறு மூன்றை. பையனிடமிருந்து எத்தனை மலிவான வருடங்கள் கிடைக்கும்? அவன் தேறுவதற்கு வாய்ப்பு எவ்வளவு? அந்த வருடங்கள் நமக்குத் தேவைப்படும் காலத்தில் வருமா? கீழே உள்ள படிகளெல்லாம் இந்த மூன்றையும் கணக்குப் போடுவதற்குத்தான்.

படி 1: விற்கப்படுவது என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

மேஜர் லீக்குக்கு வந்த ஆட்டக்காரர் ஆறு வருட சர்வீஸ் (மேஜர் லீக் அணியில் கழித்த காலம்) முடிக்கும்வரை அந்த அணிக்கே சொந்தம். முதல் மூன்று வருடம் ஏறக்குறைய குறைந்தபட்ச சம்பளம்தான். 2025இல் அது 7.6 லட்சம் டாலர், 2026இல் 7.8 லட்சம். அடுத்த மூன்று வருடம் ஆர்பிட்ரேஷன், அதாவது பேச்சு ஒத்துவராவிட்டால் நடுவர் சம்பளத்தை முடிவு செய்யும் முறை: சம்பளம் வருடா வருடம் ஏறும், ஆனாலும் வெளிச்சந்தை விலையைத் தொடாது. ஆறு முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட், அப்புறம் யார் வேண்டுமானாலும் கோடிகளைக் கொட்டி அழைத்துக்கொள்ளலாம்.

வெளிச்சந்தையில் இரண்டு கோடி டாலர் பெறக்கூடிய ஆட்டத்தை ஒருவர் 8 லட்சத்துக்கு ஆடிக்கொடுத்தால், இடையில் இருக்கிற தொகை முழுவதும் அணிக்கு லாபம். ட்ரேடில் கைமாறுவது இந்த உபரிதான்.

இதில் ஒரு நாள்கூட எவ்வளவு பெரிது என்பதற்கு கிரிஸ் பிரையன்ட் கதையைப் பார்க்கலாம். ஒரு சர்வீஸ் வருடம் என்பது 172 நாள். 2015இல் சிகாகோ கப்ஸ் அவரை சீசன் தொடங்கி சில நாள் கழித்தே மேலே அழைத்தது. வருடக் கடைசியில் அவர் கணக்கில் 171 நாள். அந்த ஒரு நாள் குறைந்ததால் கப்ஸுக்கு அவர் கூடுதலாக ஒரு முழு சீசன் கிடைத்தார். பிரையன்ட் முறையீடு செய்தார், 2020இல் தோற்றார். லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்தில் இந்தத் தந்திரத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டார்கள். முன்னணி பிராஸ்பெக்டை முதல் நாளிலிருந்தே ஆடவிட்டு அவர் சிறந்த புதுமுகத்துக்கான ‘ரூக்கி ஆஃப் த இயர்’ விருது வாங்கினால், அணிக்கு ஒரு கூடுதல் டிராஃப்ட் பிக், அதாவது புதிய இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் இன்னொரு வாய்ப்பு. சியாட்டிலுக்கு ஹூலியோ ரோட்ரிகஸ் வழியாக 2023இல் அப்படி ஒன்று கிடைத்தது.

ஆகவே ட்ரேட் செய்தியில் முதலில் தேட வேண்டியது ரேங்கை அல்ல, சர்வீஸ் டைமை. ஏற்கெனவே மேஜர் லீக்கில் இரண்டு வருடம் கழித்த ‘இளம் வீரர்’ என்றால் பாக்கி இருப்பது நான்கு வருடம்தான்.

படி 2: 20–80 எண்ணைப் படியுங்கள், ரேங்கை மறந்துவிடுங்கள்

ஸ்கவுட்கள், அதாவது அணிகளுக்காகத் திறமை தேடுபவர்கள், மார்க் போடுவது 20இலிருந்து 80 வரை. 50 என்பது மேஜர் லீக் சராசரி. பேட்டரென்றால் ஐந்து திறன்களுக்குத் தனித்தனி மார்க்: பந்தைத் தொடுவது, பவர், ஓட்டம், ஃபீல்டிங், எறியும் கை. பிட்சரென்றால் (பந்து போடுபவர்) ஒவ்வொரு வகைப் பந்துக்கும் ஒரு மார்க், கட்டுப்பாட்டுக்குத் தனியாக ஒன்று. கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண். ஃபேன்கிராஃப்ஸ் போன்ற தளங்கள் இதைத்தான் ‘எதிர்கால மதிப்பு’ என்று போடுகின்றன.

50 என்றால் தினமும் ஆடத் தகுதியான சராசரி ஆள். 60 என்றால் ஆல்-ஸ்டார் பக்கம். 45 என்றால் பாதி நாள் ஆடுபவர், அல்லது அணியின் ஐந்தாவது பிட்சர். 40 என்றால் பெஞ்ச். எண்ணில் ஐந்து ஐந்தாக இறங்கினாலும் விலை அப்படிச் சீராக இறங்குவதில்லை, 50இலிருந்து 45க்கு வரும்போது அதல பாதாளம். காரணம் லேசானது: 45 தரத்து ஆளை எந்த அணியும் குளிர்காலத்தில் சொற்பப் பணத்துக்கு வெளியே பிடித்துவிடலாம்.

பட்டியலில் 5ஆம் இடத்துக்கும் 25ஆம் இடத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கும். 55ஆம் இடத்துக்கும் 100ஆம் இடத்துக்கும் நடுவே அநேகமாக ஒன்றும் இருக்காது, எல்லோரும் அதே 50. ‘டாப் 100இல் இரண்டு பேரைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று யாராவது கொதித்தால், எந்த இரண்டு இடம் என்று கேளுங்கள்.

படி 3: புள்ளிவிவரத்தை வயது, லீக், மைதானம் மூன்றோடும் சேர்த்துப் பாருங்கள்

மேஜர் லீக்குக்குக் கீழே இளைஞர்கள் ஆடிப் பழகும் மைனர் லீக்கில் ரூக்கி லீக்குக்கு மேலே நான்கு படிகள்: லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, ட்ரிபிள்-ஏ. ஹை-ஏ-யில் ஆடுபவர்கள் பெரும்பாலும் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். அங்கே 18 வயதுப் பையன் ஒருவன் சுமாராக ஆடினாலும் அது செய்தி. அதே இடத்தில் 24 வயதுக்காரர் பிய்த்து உதறினால் அது செய்தியே இல்லை. 2025 ஜூலை 31 அன்று அத்லெடிக்ஸ் அணி தன் அதிவேக குளோசர் (ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து பந்து போடுபவர்) மேசன் மில்லரை, ஜேபி சியர்ஸோடு சேர்த்து சான் டியாகோ பாட்ரேஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு வந்த நால்வரில் முதன்மையானவர் லியோ டி வ்ரீஸ், ஹை-ஏ-யில் ஆடிக்கொண்டிருந்த 18 வயது ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்). அவருடைய பேட்டிங் எண்களை மட்டும் பார்த்தவர்களுக்கு, இவருக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று தோன்றியிருக்கும். வயதைப் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் புரியும்.

மைதானமும் ஏமாற்றும். ட்ரிபிள்-ஏ-யைச் சேர்ந்த பசிபிக் கோஸ்ட் லீக்கில் ஆல்பகர்கி, ரெனோ மாதிரி உயரமான, வறண்ட ஊர்களில் பந்து பறக்கும். அங்கே 25 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி) அடித்தவரைப் பார்த்து மயங்கக்கூடாது. இதற்கு நேர்மாறான கதைதான் ஜெஃப் பேக்வெல். 1990இல் பாஸ்டன் ரெட் சாக்ஸின் டபுள்-ஏ ஊரான நியூ பிரிட்டனில் அவர் பேட்டிங் சராசரி .333. ஹோம் ரன்கள் வெறும் நான்கு. பவர் இல்லாத மூன்றாம் பேஸ்காரர் என்று கணக்குப் போட்டார்கள். ஆனால் அந்த மைதானம் ஹோம் ரன்னை விழுங்குகிற மைதானம், அந்த வருடம் அவர் அடித்த இரட்டை அடிகள் (இரண்டாம் பேஸ்வரை ஓடவைத்த அடிகள்) 34. ஆகஸ்ட் கடைசியில் லேரி ஆண்டர்சன் என்ற 37 வயது ரிலீவருக்காக (ஆட்டத்தின் நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) அவரை ஹூஸ்டனுக்குக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் பாஸ்டனுக்குப் போட்டது 22 இன்னிங்ஸ். பேக்வெல் அடித்தது 449 ஹோம் ரன், இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். இளைஞன் அடிக்கும் இரட்டை அடிகள் பின்னால் ஹோம் ரன்னாகலாம் என்பது ஸ்கவுட்களுக்கு அப்போதே தெரிந்த விஷயம்தான்.

பேட்டரில் நான் முதலில் பார்ப்பது ஸ்ட்ரைக்அவுட் விகிதம், அதாவது மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்டாகும் விகிதம். டபுள்-ஏ-யில் மூன்றில் ஒரு முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறவர் மேலே போனால் பெரும்பாலும் திணறுவார், ஏனென்றால் அந்தப் படியில்தான் பிட்சர்கள் நல்ல சுழல் பந்துகளை நினைத்த இடத்தில் போட ஆரம்பிக்கிறார்கள். அடுத்து வாக் விகிதம், அதாவது நான்கு தவறான பந்துகளால் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போகும் விகிதம். அப்புறம் பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம். ட்ரிபிள்-ஏ அளவில் இது இப்போது எல்லோருக்கும் இணையத்தில் கிடைக்கிறது. பேட்டிங் சராசரியைக் கடைசியில் பார்த்தால் போதும், அதில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம்.

ஷார்ட்ஸ்டாப், கேட்சர், சென்டர் ஃபீல்டர் என்றால் விலை ஏறும். அந்த இடங்களில் ஆடத் தெரிந்தவர் பேட்டிங்கில் சுமாராக இருந்தாலும் வேலை கிடைக்கும், பேட்டிங் நன்றாக வந்தால் எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். மைனர் லீக்கிலேயே முதல் பேஸில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. அடித்தே பிழைக்க வேண்டும்.

படி 4: பிட்சர் என்றால் தள்ளுபடி

‘பிட்சிங் பிராஸ்பெக்ட் என்று ஒன்று உலகத்திலேயே கிடையாது’ என்று பேஸ்பால் வட்டாரத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. கிண்டலில் உண்மை நிறைய. முழங்கை ஒன்று போதும். முழங்கைத் தசைநாரைச் சரிசெய்யும் டாமி ஜான் அறுவைசிகிச்சை என்றால் ஒரு வருடத்துக்கு மேல் போய்விடும்.

2017 ஆகஸ்ட் 31 நள்ளிரவுக்குச் சில நொடிகள் இருக்கும்போது ஜஸ்டின் வெர்லாண்டரை டெட்ராய்ட் ஹூஸ்டனுக்கு அனுப்பியது. பதிலுக்கு வந்த மூவரில் தலைமை இடம் 19 வயது பிட்சர் ஃபிராங்க்லின் பெரஸுக்கு. அடுத்து அவுட்ஃபீல்டர் டாஸ் கேமரன். மூன்றாவதாக கேட்சர் ஜேக் ராஜர்ஸ், பேட்டிங் சந்தேகம், கீப்பிங் பிரமாதம். காயத்துக்கு மேல் காயமாகப் பட்டு பெரஸ் மேஜர் லீக் மைதானத்தில் கால் வைக்கவே இல்லை. டெட்ராய்ட்டுக்குப் பல வருடம் உழைத்தவர் அந்த மூன்றாவது ஆள். ஒரே எண் வாங்கிய பேட்டருக்கும் பிட்சருக்கும் நடுவே தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் யோசிக்காமல் பேட்டரைத்தான் எடுப்பேன்.

மருத்துவ அறிக்கை ரசிகர் கைக்கு வராது என்பது உண்மை. ஆனால் அதன் நிழல் தெரியும். கடந்த இரண்டு சீசனில் எத்தனை இன்னிங்ஸ் போட்டார், இடையில் காரணம் சொல்லாத இடைவெளி உண்டா, வேகம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பிட்சர் கூமார் ராக்கர் (தாய்வழியில் இந்திய வம்சாவளி) 2021 டிராஃப்டில் பத்தாவது ஆளாக நியூயார்க் மெட்ஸால் எடுக்கப்பட்டார். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு மெட்ஸ் ஒப்பந்தமே போடவில்லை. அடுத்த வருடம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அவரை மூன்றாவது இடத்தில் எடுத்தது. ஒரே கையைப் பார்த்து இரண்டு அணிக்கு இரண்டு முடிவு.

இதில் விற்பவர் மறைப்பதும் நடக்கும். 2016 ஜூலையில் பாட்ரேஸ், ட்ரூ பாமரன்ஸ் என்ற பிட்சரை ரெட் சாக்ஸுக்குக் கொடுத்து ஆன்டர்சன் எஸ்பினோசா என்ற பிட்சிங் பிராஸ்பெக்டை வாங்கியது. பாமரன்ஸின் மருத்துவத் தகவல் முழுதாகத் தரப்படவில்லை என்று தெரிந்து, பாட்ரேஸ் ஜெனரல் மேனேஜர் ஏஜே ப்ரெல்லரை லீக் 30 நாள் சம்பளமில்லாமல் சஸ்பெண்ட் செய்தது. வினோதம் என்னவென்றால், பாட்ரேஸ் வாங்கிய எஸ்பினோசாவுக்கும் பின்னர் முழங்கையில் இரண்டு முறை அறுவைசிகிச்சை நடந்தது.

படி 5: ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போடுங்கள்

மாந்தோப்பைப் பூவிட்டிருக்கும்போதே குத்தகைக்குப் பேசுகிற வியாபாரி, எவ்வளவு பூ உதிரும் என்பதையும் சேர்த்துத்தான் விலை சொல்வார். நாமும் அதைத்தான் செய்யப்போகிறோம். ஆட்டக்காரரின் மொத்தப் பங்களிப்பை ‘வார்’ என்ற எண்ணில், அதாவது அவரால் அணிக்குக் கூடுதலாகக் கிடைத்த வெற்றிகளில் அளக்கிறார்கள். ஃப்ரீ ஏஜென்ட் சந்தையில் ஒரு வெற்றிக்குச் சுமார் 80 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம்.

50 மார்க் வாங்கிய டபுள்-ஏ பேட்டர் ஒருவர் என்று கற்பனை செய்யுங்கள். இந்த வாய்ப்பு எண்கள் எல்லாம் விளக்கத்துக்கு நானே போட்டவை:

- நட்சத்திரமாக 15 சதவீதம்: ஆறு வருடத்தில் 20 வெற்றி, சம்பளம் 3.5 கோடி டாலர்
- தினசரி ஆட்டக்காரராக 35 சதவீதம்: 10 வெற்றி, சம்பளம் 2 கோடி
- தேறாமல் போக 50 சதவீதம்: 1 வெற்றி, சம்பளம் 20 லட்சம்

வாய்ப்பால் பெருக்கிக் கூட்டினால் 3 + 3.5 + 0.5, ஆக 7 வெற்றி. சந்தை விலையில் 5.6 கோடி டாலர். சம்பளத்தையும் இதே மாதிரி கூட்டினால் சுமார் 1.3 கோடி. மிச்சம் 4.3 கோடி. அவர் மேலே வர இன்னும் இரண்டு வருடம் ஆகும் என்றால், வருடத்துக்கு 8 சதவீதம் வீதம் கழியுங்கள். கையில் நிற்பது சுமார் 3.7 கோடி.

அந்த 15 சதவீதத்தை 5 ஆக்கி, 10ஐத் தேறாதவர் பக்கம் தள்ளிப் பாருங்கள். மொத்தம் 5.1 வெற்றியாகிவிடும், விலை கிட்டத்தட்ட கால் பங்கு விழும். நட்சத்திரமாகும் வாய்ப்பு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் விலையைத் தூக்கி நிறுத்துவது அதுதான். ஸ்கவுட் அறிக்கையில் ‘உச்சவரம்பு’ பற்றி அத்தனை பேச்சு இருப்பது இதனால்தான். ‘கண்டிப்பாக ஆடுவார், ஆனால் சுமாராகத்தான்’ என்று எழுதப்பட்ட கல்லூரி வீரருக்கு அணிகள் மயங்குவதில்லை. ரசிகர்கள்தான் மயங்குகிறார்கள்.

படி 6: எதிர்ப்பக்கத்தையும் அதே தராசில் வையுங்கள்

வருடத்துக்கு நான்கு வெற்றி தரும் ஆட்டக்காரர், சம்பளம் 1.5 கோடி, ஒப்பந்தம் இந்த சீசனோடு சரி. ஜூலை கடைசியில் வாங்கினால் கிடைப்பது இரண்டு மாதம். மூன்றில் ஒரு பங்கு என்று வைத்தால் சுமார் 1.3 வெற்றி, உபரி 60 லட்சம் டாலருக்கும் கீழே. காகிதத்தில் பார்த்தால் இவருக்காக 50 மார்க் பிராஸ்பெக்டைக் கொடுப்பது பைத்தியக்காரத்தனம். ஆனாலும் கொடுக்கிறார்கள். கோப்பைக்கான கடைசிச் சுற்றுகளான பிளேஆஃபின் வாசலில் நிற்கும் அணிக்கு ஒரு வெற்றியின் மதிப்பு 80 லட்சம் அல்ல, பல மடங்கு.

இன்னொரு நுணுக்கம். சீசன் நடுவில் வாங்கப்பட்டவர் ஃப்ரீ ஏஜென்டாகும்போது ‘குவாலிஃபையிங் ஆஃபர்’ (நிர்ணயித்த சம்பளத்துக்கு ஒரு வருட அழைப்பு) தர முடியாது, எனவே அவர் போனால் பதிலுக்கு டிராஃப்ட் பிக்கும் வராது. குளிர்காலத்திலேயே வாங்கி முழு சீசன் வைத்திருந்தால் அந்த வாய்ப்பு உண்டு. அதனால் டிசம்பர் விலையும் ஜூலை விலையும் ஒன்றாக இருக்காது.

பணமும் பிராஸ்பெக்ட் வாங்கும். 2023 ஜூலையில் மெட்ஸ், மேக்ஸ் ஷெர்சரை ரேஞ்சர்ஸுக்கு அனுப்பியபோது அவருடைய மீதிச் சம்பளத்தில் சுமார் 3.5 கோடி டாலரைத் தானே ஏற்றது. பதிலுக்கு லூயிசாஞ்செல் அக்குன்யா. 39 வயது பிட்சருக்கு அந்த விலை வராது, 3.5 கோடிக்கு வரும். இதன் தலைகீழ் 2015இல் நடந்தது: ஆரிசோனா, காயத்தில் இருந்த பிரான்சன் அரோயோவின் சம்பளச் சுமையைக் கழற்றிவிடுவதற்காக, முந்தைய வருடம்தான் முதல் சுற்றில் எடுத்த டூகி டூசாண்டை அட்லாண்டாவுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தது. செய்தியில் ‘பணமும்’ என்ற ஒற்றைச் சொல் கடைசியில் தொங்கிக்கொண்டிருந்தால், எவ்வளவு என்று தேடிவிட்டு அப்புறம் கருத்துச் சொல்லுங்கள்.

படி 7: யாருக்கு நெருக்கடி என்று பாருங்கள்

எனக்குப் பிடித்த படி இது, பலர் தாண்டிப்போகிற படியும் இதுதான். ஒவ்வொரு அணிக்கும் 40 பேர் பட்டியல் ஒன்று உண்டு. 18 வயதிலோ அதற்கு முன்போ ஒப்பந்தமானவர் ஐந்து சீசனுக்குள்ளும், 19 வயதிலோ அதற்கு மேலோ வந்தவர் நான்கு சீசனுக்குள்ளும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். ஏற்றாவிட்டால் ‘ரூல் 5’ டிராஃப்டில் வேறு அணி அவரைத் தூக்கிவிடலாம். நவம்பர் நடுவில் இதற்குக் கெடு.

2021 நவம்பரில் டாம்பா பே ரேஸுக்கு இந்த நெருக்கடி. டோபியாஸ் மையர்ஸ் என்ற பிட்சரைப் பட்டியலில் ஏற்ற இடமில்லை. சும்மா இழப்பதற்குப் பதில் கிளீவ்லண்டுக்குக் கொடுத்துவிட்டு, பல வருடத்துக்குப் பட்டியலில் ஏற்றத் தேவையே இல்லாத ஒரு 18 வயதுப் பையனைக் கேட்டு வாங்கியது. டொமினிகன் கோடை லீக்கில் ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையன் ஜூனியர் கமினேரோ. 2025இல் மேஜர் லீக்கில் 45 ஹோம் ரன் அடித்தார். மையர்ஸ் அடுத்த வருடமே கிளீவ்லண்டில் இல்லை. அன்றைக்கு இந்த ட்ரேடைப் பெரிதாக யாரும் பேசவில்லை, டாப் 100 பட்டியலில் பெயர் இருந்தால்தானே பேசுவார்கள்.

இடநெருக்கடி இன்னொரு வகை. பேக்வெல்லை பாஸ்டன் விட்டதற்கு மூன்றாம் பேஸில் வேட் பாக்ஸ் நின்றதும் ஒரு காரணம். தன் அணியில் வழி அடைபட்ட ஆளை விற்பவர், நாலு பேர் கேட்டு வந்தால் ஒழிய முழு விலை கேட்க முடியாது.

கடைசியாக ஒன்று: தன் பையனைப் பற்றி வெளியாருக்குத் தெரியாதது அணிக்குத் தெரியும். பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கிறானா, தோள் வலிக்கிறது என்று எத்தனை முறை சொன்னான், எல்லாம். தன் முதல் ஐந்து பிராஸ்பெக்டில் ஒருவரை ஓர் அணி கேட்டவுடன் தூக்கிக் கொடுத்தால் நான் கொஞ்சம் சந்தேகப்படுவேன்.

படி 8: தலையை எண்ணாதீர்கள்

ஆறு பேர் வந்தார்கள் என்பது கணக்கே இல்லை. நான்கு 45களைச் சேர்த்தாலும் ஒரு 60 ஆகாது. மைதானத்தில் ஓர் இடத்தில் ஒருவர்தான் ஆட முடியும், பட்டியலிலும் இடம் 40தான். பொதியில் முதல் ஆள் யார் என்பதே பேரத்தில் பெரும்பங்கு.

அதே சமயம் பொதியின் கடைசி ஆளை, அவர் மிக இளையவராக இருந்தால், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 2016 ஜூனில் சிகாகோ வைட் சாக்ஸ், ஜேம்ஸ் ஷீல்ட்ஸை வாங்கக் கொடுத்த இருவரில் ஒருவர் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாத 17 வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். அதே கோடையில் டாட்ஜர்ஸ், ஜாஷ் ஃபீல்ட்ஸ் என்ற ரிலீவருக்காக ஹூஸ்டனுக்குக் கொடுத்தது யோர்டான் ஆல்வரெஸ். அவரும் அந்த அணிக்காக ஓர் ஆட்டம்கூட ஆடியிருக்கவில்லை. இருவரும் பின்னாளில் நட்சத்திரங்களானார்கள். இப்படி நூறில் ஒன்று நடக்கும், மிச்சம் தொண்ணூற்றொன்பது பெயர்களை நாம் மறந்துவிட்டோம். அந்த நூறில் ஒன்றுக்கு ஒரு சிறு விலை உண்டு, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் சேர்த்து: ஹுவான் சோட்டோ இரண்டு முறை விற்கப்பட்ட கதை

ஒரே ஆட்டக்காரர், பதினாறு மாத இடைவெளியில் இரண்டு விலை. இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

2022 ஆகஸ்ட் 2. வாஷிங்டன் நேஷனல்ஸ் தந்த 15 வருட, 44 கோடி டாலர் ஒப்பந்தத்தை சோட்டோ மறுத்துவிட்டார். வயது 23, இன்னும் இரண்டரை சீசன் அணியின் கையில். அவரையும் ஜாஷ் பெல்லையும் பாட்ரேஸுக்குக் கொடுத்து நேஷனல்ஸ் வாங்கியது ஆறு பேரை. அனுபவசாலியான லூக் வாய்ட்டை ஒதுக்கினால் ஐந்து இளைஞர்கள்.

சிஜே ஆப்ரம்ஸ், 21 வயது ஷார்ட்ஸ்டாப், ஏற்கெனவே மேலே வந்துவிட்டவர். பல வருடக் கட்டுப்பாடு, நெருங்கிவிட்ட பலன். மெக்கன்சி கோர், இடதுகைப் பிட்சர், அந்த நேரம் முழங்கை வீக்கத்தால் ஓய்வில். படி 4இன் தள்ளுபடியை இங்கே போடுங்கள். ராபர்ட் ஹாசல், 2020 டிராஃப்டில் எட்டாவது ஆள், ஹை-ஏ. ஜேம்ஸ் வுட், ஆறரை அடிக்கு மேல் உயரம், 19 வயது, லோ-ஏ. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், ஆனால் உச்சவரம்பு ஐவரில் இவருக்குத்தான் அதிகம். ஹார்லின் சுசானா, 18 வயது, மணிக்கு 100 மைலைத் தொடும் பந்து, மற்றதெல்லாம் கேள்விக்குறி.

இது தலையெண்ணிய பொதி இல்லை. நெருங்கியவர், தொலைவில் இருப்பவர், உச்சவரம்பு உள்ளவர் என்று ஆபத்தைப் பிரித்து வைத்த பொதி. பிறகு ஆப்ரம்ஸ் 2024இலும், வுட்டும் கோரும் 2025இலும் ஆல்-ஸ்டார் ஆனார்கள். அன்றைக்கு வுட்டைவிடப் பிரபலமாக இருந்த ஹாசல் பின்தங்கிவிட்டார்.

2023 டிசம்பர். இப்போது பாட்ரேஸ் விற்கிறது, நியூயார்க் யாங்கீஸ் வாங்குகிறது. சோட்டோவின் ஆட்டம் குறையவில்லை. ஆனால் மீதம் ஒரே சீசன், சம்பளமும் 3 கோடி டாலருக்கு மேல் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ட்ரெண்ட் கிரிஷமையும் சேர்த்துக் கொடுத்து பாட்ரேஸ் வாங்கியது மைக்கேல் கிங், ட்ரூ தார்ப், ராண்டி வாஸ்கஸ், ஜானி பிரிட்டோ, கைல் ஹிகாஷியோக்கா. ஆப்ரம்ஸ், வுட் அளவுக்கு ஒருவரும் இல்லை. வருடமும் சம்பளமும் விலையை எவ்வளவு கரைத்திருக்கிறது பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள்: பாட்ரேஸ் அடுத்த வருடமே ஜெயிக்க நினைத்த அணி, அதனால் கேட்டது உடனே பந்து வீசும் ஆட்களை. தார்ப் ஒருவர்தான் உண்மையான பிராஸ்பெக்ட், அவரையும் மூன்றே மாதத்தில் டிலன் சீஸுக்காக வைட் சாக்ஸுக்குக் கைமாற்றிவிட்டது.

நேஷனல்ஸ் முதல் பேரத்தில் நன்றாகத்தான் வாங்கியது. ஆனாலும் 2023, 2024, 2025 மூன்று வருடமும் 90 ஆட்டத்துக்கு மேல் தோற்றது. பிராஸ்பெக்ட் விலை சரியாக இருப்பது வேறு, அணி கட்டுவது வேறு.

படி 9: தீர்ப்பை இரண்டு தேதியில் எழுதுங்கள்

ட்ரேட் நடந்த அன்றே உங்கள் கணக்கைத் தேதியோடு எழுதி வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வேறொரு தாளில் விளைவை எழுதுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

2018 டிசம்பரில் மெட்ஸ், ஜாரெட் கெலனிக் என்ற முதல் சுற்று அவுட்ஃபீல்டரைக் கொடுத்து சியாட்டிலிடமிருந்து ராபின்சன் கனோவையும் எட்வின் டியாஸையும் வாங்கியது. 2019இல் டியாஸ் சொதப்பியபோது மெட்ஸைக் கேலி செய்யாதவர் இல்லை. 2022இல் டியாஸ் 1.31 இஆர்ஏ-வோடு (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன் சராசரி) லீக்கிலேயே மிகச் சிறந்த குளோசர், கெலனிக்கோ மேஜர் லீக் பிட்சிங்கில் தடுமாறிக்கொண்டிருந்தார். இரண்டு கட்டத்திலும் தீர்ப்புச் சொன்னவர்கள் பார்த்தது விளைவை மட்டும்தான்.

1987இல் டெட்ராய்ட், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜான் ஸ்மோல்ட்ஸை அட்லாண்டாவுக்குக் கொடுத்து டாய்ல் அலெக்சாண்டர் என்ற பிட்சரை வாங்கியதை இன்றுவரை பேஸ்பாலின் பெரிய ஏமாளித்தனம் என்று சொல்கிறார்கள். அன்று ஸ்மோல்ட்ஸ் 20 வயது, டபுள்-ஏ-யில் இஆர்ஏ 5.68, 22ஆம் சுற்றில் எடுக்கப்பட்டவர். அலெக்சாண்டர் வந்து 9 வெற்றி, தோல்வியே இல்லை, இஆர்ஏ 1.53. டெட்ராய்ட் இரண்டே ஆட்ட வித்தியாசத்தில் டிவிஷனை வென்றது. அவர் இல்லாமல் அது நடந்திருக்காது. பிளேஆஃபில் மின்னசோட்டாவிடம் தோற்றார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆகஸ்டில் எழுதிய தாளில் நான் டெட்ராய்ட்டுக்குப் பாஸ் மார்க்தான் போட்டிருப்பேன். 2016இல் கிளேபர் டோரஸ் என்ற பிராஸ்பெக்டைக் கொடுத்து குளோசர் அரோல்டிஸ் சாப்மனை வாங்கிய கப்ஸிடம் இதே கேள்வியைக் கேட்டால், 108 வருடம் கழித்து வந்த கோப்பையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தக் கணக்கெல்லாம் இப்போதைய தொழிலாளர் ஒப்பந்தத்தை வைத்துப் போட்டது, அது 2026 டிசம்பர் 1 அன்று முடிகிறது. ஆறு வருடக் கட்டுப்பாடு, ஆர்பிட்ரேஷன், குறைந்தபட்ச சம்பளம் மூன்றுமே மறுபடி பேரத்துக்கு வரக்கூடியவை. குறைந்தபட்ச சம்பளம் கணிசமாக ஏறினாலோ ஆறு ஐந்தானாலோ படி 5இன் துண்டுச் சீட்டை முதலிலிருந்து போட வேண்டியிருக்கும், அன்றைக்கு எல்லா பிராஸ்பெக்டின் விலையும் ஒரே இரவில் இறங்கும்.